நாகமணியின் ஷெட்டும் என் கராஜும்

1

பிப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. பனி பெய்து, உருகி, மறுபடி உறைந்து, வீட்டு முன்னால் நடைபாதை கண்ணாடி மாதிரி கிடந்தது. இங்கே நம் வாசலில் யாராவது வழுக்கி விழுந்தால் நாம்தான் பதில் சொல்லவேண்டும். உப்பைத் தூவிவிட்டு உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நாகமணி.

நாகமணி என் கணவருடைய தம்பியின் பெண்டாட்டி. எனக்கு ஓரகத்தி. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் இருக்கிறாள். அங்கே ஒரு ஷெட் வைத்து, பட்டறைகளில் கடைசல் முடிந்து வரும் அலுமினியப் பாகங்களைப் பிசிறு எடுத்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுக்கிறாள்.

“அக்கா, ஒரு விசேஷம்க்கா. ஜெர்மனிலருந்து ஆர்டர் கேட்டிருக்காங்க. உங்க ஜெர்மனியேதான்!”

“என்ன ஆர்டர்?”

“காபிக்கொட்டை அரைக்கிற மிஷினாம். கையில சுத்தறது. அதோட அலுமினிய பாடி. பெங்களூர்லருந்து ஒரு ஏஜென்ட் வந்தாரு. கடைசல் வேற பட்டறையில, பினிஷிங் நம்ம ஷெட்டுல. சாம்பிள் அனுப்பியாச்சு. ஓகே ஆகணும்னு சாமிய கும்பிட்டுக்குங்க.”

“எந்த ஊருக்குப் போகுதாம்?”

அவள் எழுத்துக் கூட்டி ஊர்ப் பெயரைச் சொன்னாள். நான் இருக்கும் ஊருக்குப் பக்கத்து ஊர். பஸ்ஸில் பத்து நிமிடம். அந்த ஊரில் கையால் சுற்றும் காபி அரைவை செய்கிறவர் ஒருவர்தான். அவருடைய அலுமினிய உருளைகளைத் தேய்த்துக் கொடுக்கிறவள் ஒருத்திதான். அது நான். எங்கள் வீட்டுக்குப் பின்னால், கார் நிறுத்தும் கராஜில், அவை அப்போதும் மேசைமேல் ஈரத்துணி போர்த்திக் கிடந்தன.

“ரொம்ப சந்தோஷம் நாகமணி” என்றேன்.

குரல் சரியாகத்தான் வந்தது. போனை வைத்த பிறகு ஒரு பூட்ஸோடு அப்படியே படியில் உட்கார்ந்திருந்தேன். ஊரில் இருப்பவர்கள் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதுதான் வழக்கம் என்று நீங்கள் நினைக்கலாம். இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தத் தீ எரியும்.

2

நானும் நாகமணியும் கல்லாவியில் ஒரே வீட்டுக்கு மருமகள்களாகப் போனவர்கள். என் கணவர் குமரேசனுக்கும் அவர் தம்பி சங்கருக்கும் ஓசூரில் வேலை. அதனால் மத்திகிரியில் ஒரே வரிசை வீட்டில் பக்கத்துப் பக்கத்துப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். காலையில் ஆண்கள் கம்பெனி பஸ் ஏறிப் போனால் வீடு வெறிச்சென்றாகிவிடும்.

வேலையைக் கண்டுபிடித்தது நான். தெருமுனையில் ஒரு சின்ன லேத் பட்டறை இருந்தது. வண்டிகளுக்கான பாகங்கள் அங்கே கடைசலாகும். கடைசல் முடிந்த அலுமினியத்தின் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். ஓசூரில் அதை ‘பர்’ என்பார்கள். பார்த்தால் தெரியாது, தொட்டால் விரலைக் கிழிக்கும். அதை எடுக்க ஆளில்லை என்று பட்டறைக்காரர் புலம்பிக்கொண்டிருந்தார். நான் ஒரு பெட்டி கேட்டு வாங்கி வந்தேன். கூடவே கொக்கி மாதிரி வளைந்த ஒரு கத்தி, ஒரு சின்ன அரம், உப்புத்தாள்.

நாகமணி முதலில் நிலைப்படியில் நின்று சிரித்தாள். “என்னாக்கா, சமையல் பாத்திரம் தேய்க்கறது போதலியா உங்களுக்கு?” மறுநாள் அவளும் உட்கார்ந்தாள்.

அவள் பாகலூர்ப் பக்கத்துக்காரி. வீட்டில் தெலுங்கு. சந்தையில் காய் விற்ற குடும்பம் என்பதால் கன்னடமும் சரளமாக வரும். எங்களுக்குள் வேலை தானாகவே பிரிந்துகொண்டது. கை என்னுடையது, வாய் அவளுடையது. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திபெலேயிலிருந்து ஒரு கான்ட்ராக்டர் வருவார். வேனை விட்டு இறங்காமலே, “நாளைக்கே வேணும்” என்பார். நாகமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ஆகல்ல சார், நாளித்து பன்னி” என்பாள். நாளைக்கு முடியாது, நாளன்றைக்கு வாருங்கள். அவர் முணுமுணுத்துக்கொண்டே நாளன்றைக்கு வருவார்.

ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தால் எது என் பீஸ், எது அவள் பீஸ் என்று அந்தக் கான்ட்ராக்டருக்கே தெரியும். என்னுடையதில் தேய்த்த கோடுகள் எல்லாம் ஒரே திசையில், சீப்பால் வாரிய தலைமுடி மாதிரி ஓடும். அவளுடையது அவசரம். அவளே சொல்வாள்: “அக்கா கைய மாதிரி எனக்கு வராதும்மா.”

பிறகு என் கணவரை அவர் கம்பெனி ஜெர்மனிக்கு அனுப்பியது. இங்குள்ள தொழிற்சாலைகளில் மிஷின் பழுது பார்க்கும் வேலை. எங்கள் மகள் கயல் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். என்னுடைய கத்தி, அரம் எல்லாவற்றையும் துணியில் சுற்றி நாகமணியிடம் கொடுத்தேன். நான் போனால் அந்த வேலை நின்றுவிடும் என்று நினைத்தேன். மறைப்பானேன், நின்றுவிட வேண்டும் என்றே நினைத்தேன்.

நிற்கவில்லை. முதலில் எங்கள் காலிப் போர்ஷனை அவள் எடுத்துக்கொண்டாள். பிறகு கால்நடைப் பண்ணைச் சுவரைத் தாண்டி ஒரு தகர ஷெட். பிறகு ஒன்பது பெண்கள். மணல் போலக் கண்ணாடித் துகளை வீசி அலுமினியத்தை வெளுப்பாக்கும் மிஷின். வாசலில் ‘எஸ்.என். ஃபினிஷிங்’ என்று போர்டு. சங்கர், நாகமணி. ஆயுதபூஜைக்கு ஷெட் முழுவதும் வாழைக்கன்று கட்டி வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போடுவாள். நான் எல்லாவற்றையும் பார்ப்பேன். ‘சூப்பர்’ என்று ஒரு கைதட்டல் பொம்மை அனுப்புவேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் விரித்து, அவள் பின்னால் அடுக்கியிருக்கும் பாகங்களின் ஓரத்தைப் பார்ப்பேன். பிசிறு தெரிகிறதா என்று.

3

இங்கே வந்து மூன்று வருஷம் கைகள் சும்மா இருந்தன. மொழி வகுப்பு, சமையல், ஜன்னல். நம் ஊரில் ஒரு வாய் பேசினால் நாலு பேர் திரும்பிப் பேசுவார்கள். இங்கே நான் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, குழந்தை பேச்சைக் கேட்பதுபோலக் காத்திருப்பார். அந்தப் பொறுமையைத்தான் தாங்கமுடியாது.

பக்கத்து ஊர் வாரச் சந்தையில் லிண்ட்னர் என்று ஒரு பெரியவர் காபி அரைவைகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தார். தானே செய்தவை. ஒன்றைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தேன். மூடியின் உள் விளிம்பில் என் நகம் மாட்டியது. ஓசூர் பிசிறு, ஜெர்மனியில்! எனக்கு வார்த்தை தெரியவில்லை. அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். கணவர் பதறிப்போனார். லிண்ட்னர் விரலை எடுத்துப் பார்த்துக்கொண்டு, “ஆமாம்” என்றார். அடுத்த வாரம் நான் கடையில் வாங்கிய உப்புத்தாளோடு போய் நின்றேன். ஒரு பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்.

வேலை கிடைத்தது. சட்டம் கிடைக்கவேண்டாமா? கராஜுக்கு வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது, மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை கூடாது. தேய்த்த தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது. அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் தீப்பிடிக்கும் என்பதால் நான் எப்போதும் தண்ணீரில்தான் தேய்ப்பேன் என்பதை விளக்கவே ஒரு முழுக் காலை போயிற்று.

அதைவிட மோசம், தொழிலைப் பதிவு செய்யப் போனது. பிசிறு எடுப்பதற்கு அவர்கள் மொழியில் ‘என்ட்கிராட்டன்’ என்று சொல்லவேண்டும். நான் வாயை ஒரு சுழி கூடுதலாக வளைத்து ‘என்ட்கிரேட்டன்’ என்றேன். அதற்கு மீனில் முள் எடுப்பது என்று அர்த்தம். கவுன்ட்டர் அம்மா எழுதுவதை நிறுத்தி, கராஜில் குளிர்சாதனப் பெட்டி உண்டா, உணவுத் தொழிலுக்கான சுகாதாரச் சான்றிதழ் எங்கே என்று கேட்டாள். மீன் எதற்கு இடையில் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. “அலுமினியம்” என்றேன். “மீனை அலுமினியத் தாளில் சுற்றி விற்பீர்களா?” என்றாள். கூட வந்திருந்த கயல் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தாள். பிறகு அவள்தான் எழுந்து, கடகடவென்று நாலு வாக்கியத்தில் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது.

நாகமணி மூன்று மொழியில் சண்டை போடுகிறாள். நான் ஒரு மொழியில் மீன் விற்றேன்.

4

கயலைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். இப்போது பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். “தமிழ்ல சொல்லேன்” என்றால், “நீதான் புரிஞ்சிக்கிறியே” என்பாள். அவள் அறைக்குள் போவதற்குக் கதவைத் தட்டவேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

பொறுக்கமுடியாதது இது: ஞாயிற்றுக்கிழமை அந்த மூடிய கதவுக்கு உள்ளிருந்து தமிழ்ச் சத்தம் கேட்கும். “சித்தி, அப்புறம்? அந்த ஆளு என்னா சொன்னான்?” நாகமணியிடம் மட்டும் தமிழ். அதுவும் நான் சொல்லிக்கொடுத்த தமிழ் இல்லை, நாகமணியின் தமிழ். நடுநடுவே தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, எந்தப் பையன் அவளைப் பார்த்தான், எல்லாம் முதலில் மத்திகிரிக்குப் போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு எனக்கு வரும். “அக்கா, கயலு கணக்குல மார்க் கம்மியாம், திட்டாதீங்க பாவம்” என்று நாகமணி எனக்குச் சிபாரிசு செய்வாள். என் வயிற்றில் பிறந்தவளுக்கு, அடுத்த அறையில் இருக்கிறவளுக்கு, ஓசூரிலிருந்து சிபாரிசு.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “அவகிட்ட மட்டும் என்ன அவ்ளோ பேச்சு?”

கயல் தோளைக் குலுக்கினாள். “சித்தி சிரிப்பா.”

கராஜுக்குப் போய் அன்றைக்கு ஓர் உருளையை அளவுக்குமேல் தேய்த்துக் கெடுத்தேன்.

5

நாகமணியின் போன் வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, லிண்ட்னர் வரச்சொன்னார். முக்கியமான விஷயம் என்றால் கயலையும் கூட்டிக்கொண்டுதான் போவேன். அவர் பட்டறையில் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது.

“எனக்கு வேலை கூடிவிட்டது. உங்கள் ஒருவரால் முடியாது” என்றார் அவர். “இது இந்தியாவிலிருந்து வந்திருக்கிறது. விலையும் குறைவு. ஆனால் எனக்கு உங்கள் கண்மேல்தான் நம்பிக்கை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். திங்கட்கிழமை சொல்லுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.”

பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு உருளையும் தமிழ்ச் செய்தித்தாளில் சுற்றியிருந்தது. பெட்டியின் உள்பக்கம் ‘எஸ்.என். ஃபினிஷிங்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. கயல் குனிந்து பார்த்தாள். என்னிடம், அதிசயமாகத் தமிழில், “அம்மா, இது சித்தியோடது!” என்றாள்.

“சும்மா இரு” என்றேன்.

“என்ன சொல்கிறாள்?” என்றார் லிண்ட்னர்.

“அழகாக இருக்கிறதாம்” என்றேன். அந்த ஜெர்மன் வாக்கியத்தில் ஒரு பிழையும் வரவில்லை.

சனிக்கிழமை காலை கராஜில் விளக்கைப் போட்டு எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினேன். நான் எதைத் தேடினேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. குற்றம் தேடினேன். நகத்தை உள் விளிம்பில் ஓட்டினேன். மாட்டவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன். கோடுகள் நேராக, ஒரே திசையில் ஓடின. அவசரக்காரி நாகமணியின் கோடுகளா இவை? அடுத்ததை எடுத்தேன். அதற்கடுத்ததை. இடையில் யாரோ அவளுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது நான் இல்லை.

கடைசியில் ஒன்று கிடைத்தது. அடிப்பக்க விளிம்பு. வரைபடத்தில் கூர் தெரியும்படி இருக்கவேண்டும் என்று போட்டிருக்கிறது. இவள் அதை உருட்டி மழுக்கியிருந்தாள். எல்லாவற்றிலும். வண்டிப் பாகம் செய்து செய்து வந்த பழக்கம். எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அன்றைக்குத் தக்காளி சாதம் செய்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

“வேணாம்னு சொல்லப்போறியா?” என்று கயல் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“தப்பு இருந்தா தப்புன்னுதான் சொல்லணும்.”

“உனக்கு எவ்ளோ ஹேப்பி பாரு” என்று எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை லிண்ட்னரிடம் உருளையைக் கவிழ்த்துக் காட்டினேன். “இந்த விளிம்பு தவறு. வரைபடப்படி இல்லை.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உருளையை உள்ளங்கையில் வைத்து, காபி அரைப்பதுபோல் சுழற்றினார். விளிம்பு அவர் கைச் சதையில் பொருந்தி நின்றது. மறுபடி சுழற்றினார். “ஆனால் இது கைக்கு இதமாக இருக்கிறதே” என்றார். “என் வரைபடம்தான் தவறு போலிருக்கிறது.”

இத்தனை வருஷம் அவர் வரைபடத்தை அப்படியே செய்து கொடுத்தேன். அதை மாற்றலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றியிருக்காது, அது வெறும் பழக்கம். ஆனாலும் அவள் பழக்கம் என் கவனத்தைத் தோற்கடித்துவிட்டது.

“சரி, வேறு குறை?” என்று கேட்டார். “வாங்கலாமா?”

அப்போதும் என்னால் முடிந்திருக்கும். பிசிறு ஒளிந்திருக்கிறது, ஆறு மாதத்தில் கறுத்துப்போகும், அந்தப் பக்கத்து ஷெட்டுகளை நம்பமுடியாது. ‘நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்.’ வாய்வரை வந்தது. ஆனால் உருளை என் கையில் இருந்தது. கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

“வாங்குங்கள்” என்றேன். “நல்ல கை.”

அவர் தலையாட்டினார். இனி பெரும்பகுதி அங்கிருந்து வரும் என்றார். புது மாதிரிகளும் பழுதுக்கு வருபவையும் என்னிடம். அங்கிருந்து வரும் பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சரியென்று சொல்லும் வேலையும் என்னிடம். நன்றி சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். பஸ் வந்தது, போனது. அடுத்ததில் ஏறினேன்.

6

ஆகஸ்ட் மாதம் பள்ளி விடுமுறையில் நானும் கயலும் ஊருக்குப் போனோம். நானும் லிண்ட்னருக்குத்தான் வேலை செய்கிறேன் என்று நாகமணியிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஆர்டர் ஓகே ஆனதும் அவள் போனில் துள்ளினாள். அப்போதும், “சாமி கண்ணத் தொறந்துடுச்சு” என்றேன், அவ்வளவுதான். நேரில் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டு நாள் ஓட்டினேன். மூன்றாம் நாள் ஷெட்டுக்குப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் எல்லாப் பெண்களும் எழுந்து நின்றார்கள். நாகமணி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டாள். “உக்காருங்கக்கா. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க.” யாரோ கூல்டிரிங்க்ஸ் வாங்க ஓடினார்கள். கயல் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் போய்ப் பாயில், பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பாய். எனக்கு நாற்காலி.

“பாண்டியம்மா, இவங்கதான் எங்கக்கா. ஜெர்மன் அக்கா” என்றாள் நாகமணி.

பாண்டியம்மாள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள். ஷெட்டில் கடைசிச் சோதனை அவளுடையது. “வாங்கக்கா, நல்லாயிருக்கீகளா?” என்றாள்.

ஜெர்மன் அக்கா! “இந்த வேலைய நாகமணிக்குக் காட்டினதே நான்தான்” என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில். பாண்டியம்மாள், “அப்படியாக்கா” என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். என் காது சூடானது.

ஒரு மணிநேரம் உட்கார்ந்து பார்த்தேன். நாகமணி வேன் டிரைவரைக் கன்னடத்தில் விரட்டினாள். போனில் யாரையோ தெலுங்கில் கொஞ்சினாள். கரண்ட் போனது, ஜெனரேட்டரை உதைத்தாள். முந்தானையில் கரிய அலுமினியக் கறை. என் கராஜில் கேட்கும் ஒரே சத்தம் தண்ணீர் சொட்டும் சத்தம். நான் அந்தக் கறையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவள் ஜெனரேட்டரை உதைத்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

டீ நேரத்தில் பெண்கள் வெளியே மரத்தடிக்குப் போனார்கள். கயலும் அவர்களோடு போனாள். நாகமணி எனக்கு ஒரு டம்ளரைக் கொடுத்துவிட்டுக் காலிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

“நாகமணி, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அந்த காபி மிஷின்காரர் இருக்காரே. நான் வேலை செய்யறதும் அவருக்குத்தான். உன் சாம்பிளைப் பாத்து சரின்னு சொன்னது நான்தான்.”

அவள் டீயை ஊதிக்கொண்டே இருந்தாள். “தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“பொட்டி உங்க கைக்கு வந்த அன்னிக்கே கயலு போன் பண்ணிடுச்சு. சித்தி, அம்மாதான் செக் பண்றாங்கன்னு. ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. அக்கா வேணாம்னுதான் சொல்லுவாங்கன்னு நெனச்சன்.”

“ஏன் அப்படி நெனச்ச?”

“நானா இருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பன்.”

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சனிக்கிழமை நான் பட்ட பாடு எல்லாம் அவளுக்கு ஒரு வாக்கியம்.

“ஏன்டி?”

“ஏனா? நீங்க பனியில நின்னு செவப்புக் கோட்டு போட்டு போட்டோ அனுப்புனீங்களே, அன்னிக்கு இங்க நம்ம அத்தைக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கும் ஷெட்டுக்கும் நாய் மாதிரி அலையறன். அத்தை படுத்துக்கிட்டே என்ன கேட்டாங்க தெரியுமா? ‘பெரியவ போட்டோ அனுப்பிச்சாளாமே, காட்டு’ன்னு. நான் காட்டினன். எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும்!”

“எனக்கு அங்க என்னடி இருக்கு? வாயத் தொறந்து சண்டை போட ஒரு ஆள் கெடையாது.”

“எனக்கு இங்க சண்டை போடாம இருக்க ஒரு நாள் கெடையாது.”

“உனக்கு என் பொண்ணு வேற.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அது போன் பண்ணா நான் என்னாக்கா பண்ணட்டும்? வச்சிடுன்னு சொல்லவா? எனக்கு ரெண்டும் பசங்க. என்கிட்ட ஒரு வார்த்தை பேசறானுங்களா கேளுங்க.”

பண்ணைப் பக்கமிருந்து மாடு கத்தியது.

“ஆர்டர விட்டுடட்டுமாக்கா?” என்றாள். “உங்க வேலைதானே அது.”

“விடுவியா?”

யோசிக்கவே இல்லை. “மாட்டன்.”

இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்தது. டீ என் மூக்கில் ஏறியது.

“சரி, விடாத. ஆனா இனிமே வர்ற பொட்டி எல்லாத்தையும் பாக்கறது நான்தான். ஒரு பிசிறு இருந்தாலும் திருப்பி அனுப்புவன்.”

“எங்க ஷெட்டுலயா பிசிறு? உங்க கைதான் அங்க குளுருல வெறச்சிப் போயிருக்கும். பாத்துடலாமா? ஆளுக்கு ஒண்ணு?”

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அப்போது அங்கே வேலைக்கு இருந்தவை ஏதோ வண்டிக்கான சதுரக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாகத் துளைகள், உள்ளே ஒன்றையொன்று சந்திக்கும். பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பெண்கள் உள்ளே வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். நாகமணியின் கத்தி சரசரவென்று போனது. நான் நிதானமாக வெளி விளிம்பைச் சுற்றி வந்தேன், பிறகு துளை, பிறகு உப்புத்தாள். வருஷக்கணக்காக நான் உருளை மட்டுமே தேய்த்து வந்திருக்கிறேன் என்பதை அந்த நேரத்தில் நினைக்கவில்லை. என் கோடுகள் சீப்பால் வாரியதுபோல் விழுந்தன. ஒரு பெண், “ஐயோ, எவ்ளோ அழகு” என்றாள். நான் ஓரக்கண்ணால் நாகமணியைப் பார்த்தேன். அவளும் என் பீஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் கயல் இரண்டையும் வாங்கி, முதுகுக்குப் பின்னால் கைமாற்றி, ஷெட்டின் அந்தக் கோடியில் இருந்த பாண்டியம்மாளிடம் கொண்டுபோய் வைத்தாள். எது யாருடையது என்று பாண்டியம்மாளுக்குத் தெரியாது. அவள் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, துளைக்குள் விட்டு, திருகி, இழுத்தாள். ஒன்றில் பஞ்சு முழுசாக வெளியே வந்தது. அதை முடிந்த பெட்டியில் போட்டாள். மற்றொன்றில் விட்டு இழுத்தாள். துளைகள் சந்திக்கும் இடத்தில் பஞ்சு ஒரு நூலை உள்ளே விட்டுவிட்டு வந்தது.

“இது பாஸில்ல” என்று அந்தக் கட்டையைக் கயல் கையில் கொடுத்தாள். “உள்ள பிசிறு நிக்கி. யாருதோ அவுககிட்டக் குடு தாயி.”

கயல் ஷெட்டைக் கடந்து என்னை நோக்கி வந்தாள்.

நாகமணி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு, உதட்டை மடித்து, தகரக் கூரையைப் பார்த்து, தொண்டையைச் செருமி, அது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் பாண்டியம்மாளைக் கண்ணால் அதட்டினார்கள். யார் பீஸ் என்று புரிந்ததும் அவள், “ஆத்தாடி, தெரியாமச் சொல்லிட்டேன்க்கா” என்று எழுந்து வந்தாள்.

“தெரிஞ்சாலும் அதத்தான் சொல்லணும்” என்றேன். சொன்னேனே தவிர, மனசு கொதித்துக்கொண்டிருந்தது.

“போதும்க்கா, மேல வந்து உக்காருங்க” என்று நாகமணி நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். “சாப்பிடப் போகலாம். கயலுக்குப் பசிக்கும்.”

கயல் கட்டையை என் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, துளைக்குள் எட்டிப் பார்த்தாள். “எங்க, அம்மா? எனக்குத் தெரியலியே” என்றாள். தமிழில்தான் கேட்டாள்.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாகமணியைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

“குடுடி அந்தக் கத்திய.”